விருந்தும் முந்தின நாளும்

மலர்க்குழுவினர் இவ்வாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பணித்தபோது, சேரர் கோநகராகிய வஞ்சி எது என்னும் பழைய வழக்கையோ, மங்கலதேவி மலைமேலுள்ள கண்ணகி கோட்டத்தைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுத வல்லார் நம் சங்கத்தில் பலர் உளர். யான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் எளியது. ஆண்டு விழாவில் இலை போட்டவுடன் எல்லாரும் பேசுகின்ற, ஆனால் மேடையில் எவரும் பேசாத பொருள் அது. பெருங்கூட்டம் உண்ணும் நாளுக்கு முன்னரே செய்து வைக்கத்தக்க காய்கறித் துணையுணவுகளின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

இதனை எழுதத் தூண்டியது என் தவறு ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் குடியிருப்பில் பொங்கல் விருந்தின் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. முந்நூறு இலை. காலையில் நெருக்கடி வேண்டாம் என்று கருதி, முதல்நாள் இரவே அவியலைச் செய்து பெரிய அண்டாவில் சுடச்சுட மூடி வைக்கச் சொன்னேன். சமையற்காரர் தயங்கினார், யான் செவி சாய்க்கவில்லை. விடிந்து மூடியைத் திறந்தபோது அவியல் நுரைத்துப் பொங்கி நின்றது. அண்டா முழுவதையும் வாழைத் தோப்பில் குழி தோண்டிப் புதைத்தோம். அன்று நம் மானத்தைக் காத்தவை, எதிர்வீட்டு மூதாட்டியார் நான்கு நாளுக்கு முன்னரே கிளறிப் பரணியில் கட்டி வைத்திருந்த புளியிஞ்சியும் குறுக்குக் காளனுமே. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஏம்ப்பா, அவியலை யாராவது ராத்திரியே பண்ணி வைப்பாளோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்குள் நெடிய வரலாறு ஒன்று அடங்கியிருப்பதைப் பின்னரே உணர்ந்தேன். எந்தக் கறி காத்திருக்கும், எந்தக் கறி காத்திராது என்னும் அறிவு ஏட்டில் எழுதப்பட்டதன்று. அது கைவழியாக வந்தது. அம்மூதாட்டியாரிடமும், கல்பாத்திப் பக்கத்து முதிய தேகண்டக்காரர் சிலரிடமும், மூணாற்றுத் தோட்டங்களிலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பத்தாரிடமும் கேட்டறிந்தவற்றை, நூல்களிற் கண்டவற்றோடு சேர்த்துத் தருகின்றேன். தேகண்டம் என்பது பாலக்காட்டு வழக்கு. பெருவிருந்துச் சமையல் என்பது அதன் பொருள்.

முன்னரே செய்து வைக்கும் கறிகளுள் மிகப் பழையது எது? வடுமாங்காய்தான் எனலாம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணன் ஒருவனை இளந்திரையனிடம் வழிப்படுத்துகின்றார். வழியில் எந்தெந்த வீட்டில் என்னென்ன உணவு கிடைக்கும் என்று அவர் கூறிச் செல்லும் பகுதி உணவு வரலாற்றுக்கு ஒரு கருவூலம். மறையவர் மனையில் அப்பாணனுக்குச் சோற்றோடு கிடைப்பவை, மிளகும் கறிவேப்பிலையும் கலந்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும், மாவடுவின் ஊறுகாயும் ஆகும். மாதுளங்காய்க் கறி அன்று சமைத்தது. மாவடுவோ பல நாட்களுக்கு முன்னர் இட்டது. முன்னறிவிப்பின்றி வருகின்ற விருந்தினனுக்கு இவ்விரண்டையும் சேர்த்துப் படைத்தார்கள் என்பதைக் கருதுக. திடீரென வரும் கூட்டத்துக்கு வீட்டில் எப்போதும் ஏதேனும் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்திலேயே அடுக்களையில் வேர்கொண்டுவிட்டது.

அடுத்த சான்று கல்லில் உள்ளது. அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியரின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, இறைவனுக்குப் படைக்கும் கறியமுதை வகை பிரித்துக் கூறுகின்றது. காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்பன அதில் வரும் பெயர்கள். இப்பெயர்களை வாசித்த அன்று எனக்குண்டான வியப்பைச் சொல்லி முடியாது. ஏனெனில் இவற்றுள் ஒன்றும் அழிந்து போகவில்லை; மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறத்திலும் பிரிந்து வாழ்கின்றன. பொரிக்கறி நம் பொரியலாயிற்று. புளிங்கறி என்னும் சொல்லைப் பாலக்காட்டு மலையாள வீடுகளில் இன்றும் கேட்கலாம். புழுக்கு என்பது மார்கழித் திருவாதிரையன்று கிழங்கும் பயறும் சேர்த்துச் செய்யப்படும் பண்டமாக அங்கே நிலைத்துவிட்டது. நாம் அந்நாளில் களியும் பல காய் சேர்ந்த கூட்டும் செய்கின்றோம். இந்த இலை நம்முடையதா அவர்களுடையதா என்று விழாப் பந்தலில் வாதிடும் இளைஞர்களுக்கு இக்கல்வெட்டுச் சொற்களை நினைவூட்ட விரும்புகின்றேன். ஓண நாளும் நமக்கு அயலானதன்று. மதுரையில் அது கொண்டாடப்பட்டமையை மதுரைக்காஞ்சி கூறுகின்றது.

இனிப் பாலக்காட்டுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலைச்சுவரில் 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் திறந்து கிடக்கும் வாயில் பாலக்காட்டுக் கணவாய். படைகளும் பொதிமாடுகளும் சென்ற வழி அது. 1766இல் ஐதர் அலி கோட்டை கட்டியதும், 1862 அளவில் சென்னையிலிருந்து பேப்பூர் செல்லும் இருப்புப்பாதை நுழைந்ததும் அவ்வழியேதான். அவற்றுக்கெல்லாம் நெடுங்காலம் முன்னரே தஞ்சைப் பக்கத்திலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் அவ்வழியே வந்து ஆற்றங்கரைகளில் தெருக்களமைத்துத் தங்கின. கல்பாத்தி விசுவநாதர் கோயில் 1425ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது என்பர். ஐப்பசியில் அங்கு நடைபெறும் தேர்த்திருவிழாவின்போது, அண்டைக் கிராமத் தேர்களும் வந்து தெருவில் கூடுகின்ற இறுதிநாளில், ஒவ்வொரு வீடும் விருந்தினரால் நிரம்பி வழியும். ஒரே அடுப்பும் இரண்டு கல்சட்டியும் உடைய வீட்டுக்கு முப்பது உறவினர் வந்தால், அன்று காலை எழுந்து எல்லாவற்றையும் சமைக்க இயலுமா? இயலாது. ஆகவே முன்கறிகள் பிறந்தன.

அவற்றுக்குத் துணை செய்தது அந்நிலத்தின் காற்று. கேரள நாட்டின் பிற பகுதிகளில் காற்று ஈரம் மிக்கது. வெயிலிலிட்ட காய் காய்வதற்குள் பூசணம் பிடிக்கும். கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசுவதாலும், மாசி பங்குனியில் வெயில் கடுமையாக இருப்பதாலும், பாலக்காட்டில் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் பாகற்காயும் மோர்மிளகாயும் கலகலவென்று காய்ந்துவிடுகின்றன. தமிழ்நாட்டு வற்றல் மலையைக் கடந்தும் பிழைத்தது இக்காற்றினால்தான் என்று யான் கருதுகின்றேன். அங்கே வற்றலுக்குக் கொண்டாட்டம் என்று பெயர். நம் மொழியில் கொண்டாட்டம் என்றால் விழா. மாசியில் காயவைத்த மிளகாய் ஆவணியில் இலைக்கு வந்து எண்ணெயில் பொரிவதைப் பார்த்தால், பெயர் பொருத்தமாகவே தோன்றுகின்றது.

மிளகாய் என்றதும் ஒரு செய்தி சொல்லவேண்டும். சங்க நூலிலும் பாண்டியர் கல்வெட்டிலும் உறைப்புக்கு மிளகே உண்டு. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்ததற்குப் பின்னர், போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் வரத் தொடங்கின. மிளகாய் அவ்வாறு வந்தது. எரிசேரிக்கு இன்றியமையாததென நாம் எண்ணும் மஞ்சள் பூசணியின் தாயகமும் அமெரிக்காவே. குறுக்குக் காளனில் இன்றும் மிளகே முதன்மை பெறுவதை நோக்கினால், இலையிலுள்ள கறிகளுள் எது மூத்தது, எது இளையது என்று ஒருவாறு ஊகிக்கலாம். மோர்மிளகாய் இளையது. காளனும் இஞ்சியும் மூத்தவை.

இஞ்சிக்கறியின் பெருமையைக் கூறும் கதை ஒன்று பாரதப்புழைக் கரையில் வழங்குகின்றது. பறையி பெற்ற பன்னிருகுலம் என்னும் கதைத்தொகுதியின் தலைவராகிய வரருசி, விருந்துக்கு அழைத்த ஒருவரிடம் நிறைவேற்ற இயலாதன போலத் தோன்றும் நிபந்தனைகளை விதிக்கின்றார். அவற்றுள் ஒன்று 108 கறிகள் வேண்டும் என்பது. வீட்டுக்காரர் திகைத்து நிற்க, அறிவுடைய மகள் ஒருத்தி, இஞ்சிக்கறி ஒன்றிருந்தால் 108 கறிகளுக்கும் ஈடாகும் என்று புதிர் அவிழ்க்கின்றாள். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ஐதிக மாலையில் இக்கதை இடம்பெற்றுள்ளது. செரிமானத்துக்கு நல்லது என்பதே கதையின் உட்பொருள் என்று பெரியோர் கூறுவர். யானோ அதனை வேறு வகையாக விளங்கிக்கொள்கின்றேன். எதிர்பாராத விருந்தினன் வாயிலில் நிற்கும்போது, அவ்வீட்டில் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்த ஒரே கறி அதுவாகத்தான் இருந்திருக்கும்!

புளியிஞ்சி செய்யும் முறையைப் பலர் அறிவர்; அது ஏன் கெடுவதில்லை என்பதைச் சிலரே எண்ணிப் பார்த்திருப்பர். நூறு இலைக்கு, இலையொன்றுக்கு ஒரு தேக்கரண்டி என்னும் கணக்கில், அரைக் கிலோ இஞ்சி, அரைக் கிலோ புளி, அரைக் கிலோ வெல்லம் என்று அம்மூதாட்டியார் கணக்கு வைத்திருந்தார். இஞ்சியைப் பொடியாக அரிந்து நல்லெண்ணெயில் சிவக்க வறுக்கவேண்டும். ஈரம் போவது அங்கே தொடங்குகின்றது. புளியைக் கெட்டியாகக் கரைத்துப் பச்சை வாடை அடங்கக் கொதிக்கவைத்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் மஞ்சளும் உப்பும் சேர்த்து, இறுதியில் வெல்லத்தை இட்டுச் சுண்டக் காய்ச்சவேண்டும். புளியின் அமிலமும், உப்பும், வெல்லத்தின் இனிப்பும், நீரில்லாமையும் ஒருங்கே அமைந்த இடத்தில், உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதரிது. செய்த அன்று அது கூர்மையாகக் கடிக்கும். இரண்டு மூன்று நாள் கழிந்தபின்னரே சுவைகள் கூடி அடங்கும். முன்னரே செய்வது வசதிக்காக மட்டுமன்று, சுவைக்காகவும்தான்.

காளனின் கதை இதனினும் நுட்பமானது. காளனில் இரண்டு வகை உண்டு. ஊற்றிக்கொள்ளும் பதத்திலுள்ளது அன்றைக்கே தீரவேண்டும். குறுக்கியது பல நாள் இருக்கும். சேனையும் நேந்திரங்காயும் துண்டுகளாக்கி, மஞ்சளும் மிளகுப்பொடியும் உப்பும் இட்டு வேகவைத்து, நீர் வற்றியபின் நன்கு புளித்த தயிரைக் கடைந்து ஊற்றுவர். பின்னர் உருளியின் அடிபிடியாமல் கிளறிக்கொண்டேயிருக்க வேண்டும். தயிரிலுள்ள நீர் ஆவியாகி, காயின்மேல் அது பூச்சாகப் படியும் வரையில் கை ஓயலாகாது. நீர் விடாமல் அரைத்த தேங்காயையும் சீரகத்தையும் சேர்த்து மீண்டும் குறுக்கி, நெய்யில் கடுகும் வெந்தயமும் தாளித்து இறக்குவர். தேங்காய் சேர்ந்தும் இது கெடாதிருப்பதற்குத் தயிரின் புளிப்பும் நீண்ட கொதிப்புமே காரணம். நெடுநாள் வைப்பதற்குச் செய்வோர் தேங்காயைக் குறைத்துவிடுவர். ஈரமற்ற பரணியில் அடைத்து வாயைத் துணியால் கட்டிவிட்டால், ஈரக்கை படாதவரை அது காத்திருக்கும்.

என் அவியல் ஏன் புளித்தது என்பது இப்போது விளங்குமன்றோ? அவியலில் பச்சைத் தேங்காய் மிகுதி, காய்களிலிருந்து விடும் நீர் மிகுதி, புளிப்போ சிறிது, தயிர் சேர்த்தபின் கொதிக்கவிடுவதுமில்லை. அதனைப் பெரிய அண்டாவில் சுடச்சுட மூடி வைத்தால், நடுப்பகுதி விடியும்வரை இளஞ்சூட்டிலேயே கிடக்கும். சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகவோ, 5 பாகைக்குக் கீழே குளிர்ச்சியாகவோ இருக்கவேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்தலாகாது என்று இக்காலச் சுகாதார நூலார் கூறுகின்றனர். தேகண்டக்காரர்களுக்கு வெப்பமானி கிடையாது. ஆயினும் ஓலன், பச்சடி, அவியல் மூன்றையும் பந்தி தொடங்கும் நேரத்தை ஒட்டியே அவர்கள் இறக்கினார்கள். முந்தின நாளில் அவற்றுக்குரிய வேலை காய் அரிதலும், பயறு ஊறவைத்தலும், தேங்காய் உரித்து வைத்தலுமே, துருவுதல்கூட விடியற்காலையில்தான். எரிசேரியும் கூட்டுக்கறியும் இரண்டுக்கும் இடைப்பட்டவை. கடலையை முன்னரே அவித்துக்கொண்டு, வறுத்த தேங்காயை இறுதியில் சேர்ப்பர்.

இவ்வளவும் பாலக்காட்டுச் செய்தி. நம் சங்கத்தாரில் கணிசமானோர் இடுக்கி மலைப்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். பாலக்காட்டிலிருந்து மூணாற்றுக்குச் செல்ல நேர்வழி பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று தமிழ்நாட்டினூடேதான் செல்கின்றது. புளியிஞ்சியில் இடும் வெல்லத்தைத் தேடினால் அவ்வழியே சென்று மறையூரை அடைவோம். அவ்வூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மறையூரை அடுத்த காந்தளூரிலும் வட்டவடையிலும் மலைச்சரிவுப் படிக்கட்டு வயல்களில் தமிழ் பேசும் குடிகள் பூண்டும் கிழங்கும் கோசும் பீன்சும் விளைக்கின்றனர். அப்பூண்டுக்கும் 2023இல் அக்குறியீடு கிடைத்தது. ஓணக்காலத்தில் கேரளச் சந்தைகளுக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருபுறமும் வட்டவடையிலிருந்து மறுபுறமும் காய்கள் இறங்குகின்றன.

மூணாற்று மலைகளை 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து குத்தகைக்குப் பெற்றார். பின்னர் அங்கே தேயிலை பரவியது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் வழியே நம் மக்கள் மலையேறினர். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியே தேயிலை போடிநாயக்கனூர்ப் பக்கம் இறங்கியது. அரிசியும் பிற சரக்குகளும் மேலே ஏறின. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்றின் சிறு இருப்புப்பாதையை அடியோடு அழித்துவிட்டது. அத்தகைய நாட்களில் சந்தையை நம்பிப் பயனில்லை. வீட்டுப் பானையிலிருந்த வற்றலும் ஊறுகாயும் புளியுமே துணை.

தோட்டத்து லயன் வீடு ஒற்றை அறையும் ஒற்றை அடுப்பும் உடையது. விடியற்காலையில் கொழுந்து கிள்ளப் புறப்படும் பெண்ணுக்கு, மாரியம்மன் திருவிழாவோ தீபாவளியோ வருமுன் கிடைப்பது முந்தின இரவு மட்டுமே. ஆகவே அங்கும் முன்கறிகள் உண்டாயின. ஆனால் அவை வேறு வகையின. சுண்ட வைத்த புளிக்குழம்பு, வறுத்த வற்றல், நீரின்றி எண்ணெயில் வதக்கிய சேப்பங்கிழங்கு என்றமைந்தன. தோட்டங்களுக்கு அப்பால் 1940களில் உணவுப் பஞ்சத்தினால் நடுத்திருவிதாங்கூரிலிருந்து மலையேறிய மலையாள உழவர்கள் மரவள்ளியை அவித்து உலர்த்தி வாட்டுக்கப்பையாகச் சேமித்தனர். அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஒரு வீட்டில் கூடி இரவிரவாகக் கிழங்கு சீவி, அவித்து, பாறைமேல் காயவைப்பது அவர்கள் வழக்கம். மரவள்ளியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் என்பதும் குறிக்கத்தக்கது. கல்பாத்திக் கொண்டாட்டமும், தோட்டத்துப் புளிக்குழம்பும், மலையுழவரின் வாட்டுக்கப்பையும் ஒரே தேவையின் மூன்று விடைகள். ஆயினும் ஒன்றுக்குக் கிடைத்த புகழ் மற்றிரண்டுக்கும் கிடைக்கவில்லை.

புகழ் பற்றிப் பேசுகையில் கசப்பான செய்தி ஒன்றையும் மறைத்தல் தகாது. திருவிதாங்கூரில் மார்த்தாண்டவர்மர் காலத்தில் அமைந்த முறைசெபம் 6 ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடைபெற்றது; ஊட்டுப்புரைகளில் நாடோறும் பெருவிருந்து. பெருங்கூட்டத்துக்குச் சமைக்கும் கலை அத்தகைய இடங்களில் வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே இலை போடப்பட்டது ஒரு சாராருக்கு மட்டுமே. சேனையைத் தோண்டியவரும் வாழையை வெட்டியவரும் அப்பந்தியில் அமரவில்லை. கல்பாத்தித் தெருக்களில் ஈழவர் முதலானோர் நடப்பதற்கே 1920களின் நடுப்பகுதியில் கிளர்ச்சி செய்யவேண்டியிருந்தது. திருவிதாங்கூரில் 1936இலும், பாலக்காட்டை உள்ளடக்கிய அன்றைய சென்னை மாகாணத்தில் 1947இலும் கோயில் நுழைவு சட்டமாயிற்று. முன்கறிகளின் அமைப்பிலேயே இவ்வேறுபாட்டின் தடம் உண்டு. நீரில் வெந்தது பத்து எனப்பட்டது. அதனை மறுநாளைக்கு வைத்தலும் பிறர் தொடுதலும் ஆகா. எண்ணெயில் பொரிந்ததற்கும் உப்பில் ஊறியதற்கும் அத்தடையில்லை. ஊறுகாய்ப் பரணியின் பெருமைக்கு வெயிலும் காற்றும் ஒரு பாதிக் காரணம் என்றால், இந்த ஆசாரம் மறுபாதி. நம் சங்கப் பந்தியில் எல்லாரும் ஒரே வரிசையில் அமர்கின்றோம் என்பது, அவ்விலையின் வரலாற்றை அறிந்தவர்க்கு, சிறு செய்தியாகத் தோன்றாது.

சீமைக்காய்கறிகள் இலைக்கு வந்த கதையும் இதனோடு தொடர்புடையது. கோசு, கேரட்டு, பீன்சு முதலியன ஐரோப்பியர் வழியாக மலைப்பகுதிகளில் வேரூன்றியவை. ஆசாரமுடைய வீடுகளில் சிராத்தத்துக்கு அவற்றை இன்றும் சேர்ப்பதில்லை. அவியலில் கேரட்டு இடலாமா என்பது குறித்து நம் குடியிருப்பில் ஆண்டுதோறும் எழும் பூசலை நான்கு வரியில் தீர்க்க என்னால் இயலாது. ஒன்று மட்டும் சொல்வேன்: முன்னரே செய்து வைப்பதற்கு இவை ஏற்றவை அல்ல. நீர் விடும், நிறம் மாறும், மறுநாள் வாடை வீசும். பழைய காய்களாகிய சேனை, நேந்திரங்காய், பாகற்காய், சுண்டைக்காய் ஆகியவை நிலைத்து நிற்பதற்கு அவற்றின் இறுகிய உடலும் ஒரு காரணம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. மலபார் மாவட்டத்துப் பாலக்காடும், திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்தில் சேர்ந்தன. அவ்வட்டங்களைப் பற்றி எழுந்த போராட்டம் நம் மூத்தோர் நினைவில் இருக்கும். 1972இல் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறினும் ஒட்டன்சத்திரத்துக் காய் வாளையாற்றையும் கோவிந்தாபுரத்தையும் கடந்தே வந்தது. மறையூர் வெல்லம் உடுமலைச் சந்தைக்கு இறங்கியது. 2020ஆம் ஆண்டுத் தொற்றுநோய்க் காலத்தில் வாளையாற்றுச் சாவடியில் மக்கள் அனுமதிச்சீட்டின்றித் தடுக்கப்பட்டு நின்றபோதுதான், எல்லை என்பது எத்துணை நெருக்கத்தில் இருக்கின்றது என்று நம்மில் பலர் முதன்முறையாக உணர்ந்தோம். அவ்வாண்டு ஓணத்தில் பல வீடுகளின் இலையை நிரப்பியது பரணியும் வற்றல் தகரமுமே.

கேரளத்தார் ஓணத்துக்கு முந்தின நாளை உத்திராடம் என்பர். அன்று அங்காடிக்கும் அடுக்களைக்கும் ஓடும் ஓட்டத்துக்கு உத்திராடப் பாய்ச்சல் என்றே பெயர். அந்த ஓட்டம் யாருடையது? பெரும்பாலும் பெண்களுடையது. கோயில் தேகண்டக்காரர் ஆண்கள். அவர்கள் பெயர் ஊருக்குத் தெரியும். நான்கு நாளுக்கு முன்னர் இஞ்சி அரிந்து கை எரிந்தவர் பெயரை எவரும் அறியார். நம் ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தேன். பந்தலிட்டவருக்கும் ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி கூறியிருக்கின்றோம். காளன் கிளறியவருக்கு ஓரிடத்திலும் இல்லை.

சென்ற மூன்றாண்டுகளாக நம் விருந்தை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டோம். அதிலே குறை காண யான் முன்வரவில்லை. வயதேறிய தாய்மார்களை உருளிமுன் நிறுத்துவது அறமாகாது. ஆயினும் ஒப்பந்தச் சமையலில் எல்லாக் கறியும் ஒரே இரவில் ஒரே வண்டியில் வருகின்றன. புளியிஞ்சி அன்று காய்ச்சியதாகவும், காளன் நீர்த்த மோர்க்குழம்பாகவும் இருக்கின்றன. நம் குடியிருப்பில் காளனைக் குறுக்கத் தெரிந்தவர் இன்று மூவரே எஞ்சியுள்ளனர். அம்மூவரிடமும் பதம் கற்றுக்கொள்ள ஒருவரும் செல்லவில்லை. எழுதி வைத்தால் போதாதா என்று கேட்பர். தயிர் எப்போது காயைப் பற்றிக்கொள்கின்றது என்பதைக் கண்ணும் கையுமே அறியும். அதனை யான் இக்கட்டுரையில் எழுத முயன்று தோற்றிருப்பதை வாசகர் கண்டிருப்பர்.

ஆகவே செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு சோறும் சாம்பாரும் அவியலும் பாயசமும் ஒப்பந்தக்காரரிடமே இருக்கட்டும். புளியிஞ்சி, குறுக்குக் காளன், வடுமாங்காய், கொண்டாட்டம் ஆகிய நான்கை மட்டும் நாமே செய்வோம். விழாவுக்கு ஐந்து நாள் முன்னர் சங்கக் கூடத்தின் பின்கட்டில் இரண்டு அடுப்பு மூட்டினால் போதும். இளைஞரும் இளம்பெண்களும் ஒருங்கே வந்து கிளறட்டும். மூத்தோர் நாற்காலியில் அமர்ந்து பதம் சொல்லட்டும். பெரிய உருளி ஒன்றை எதிர்வீட்டு மூதாட்டியார் தருவதாகக் கூறியிருக்கின்றார். ஈரத்துணியால் துடைத்தால் தாம் எழுந்து போய்விடுவதாகவும் சொல்லியிருக்கின்றார்.

வடுமாங்காய்க்கு மட்டும் விழா வரையில் காத்திருக்க இயலாது. கொல்லங்கோட்டுப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வடு மாசிக் கடைசியில் வரும். காம்பு ஒடியாத பிஞ்சாகப் பார்த்து 10 கிலோ வாங்குவதற்கும், கல்லுப்புக்கும், விளக்கெண்ணெய்க்குமாகப் பெயர் தர விரும்புவோர் தை முடிவதற்குள் சங்கப் பொருளாளரிடம் தெரிவிக்கலாம்.